ஆட்டுக் காது

ஆட்டைக் கொண்டுவந்தது அடித்த பையன்களின் வீட்டார். வேகவைத்துப் பரிமாறியது சல்தனத். அடி வாங்கிய பிள்ளையின் அம்மா.

வீடு முழுக்கக் கொழுப்பு வாடை.

அடித்த மூன்று பையன்களும் வாசலோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். வெட்கத்தால் அல்ல; மடியில் போன் இருந்தது.

போன வாரம் பள்ளி முற்றத்தில் சல்தனத்தின் மகன் ஜானிஷைப் பனியில் குப்புற அமுக்கி, அவன் காதில் மாட்டியிருந்த கேட்கும் கருவியைப் பிடுங்கிக் கழிப்பறைக் குழியில் போட்டவர்கள் இவர்கள். வீடியோ வேறு. எங்கள் நாரின் நகரமே பார்த்துவிட்டது. ஒருத்தன் சிரிக்கிற சத்தம் அதில் கடைசிவரை ஓயவே இல்லை.

"சின்னப் பசங்க. விளையாட்டு வினையாயிடுச்சு, விடு தங்கச்சி."

ஒருவனின் அப்பா ஷெர்காசி இப்படிச் சொல்லிக்கொண்டே புது வெல்வெட் அங்கியைச் சல்தனத்தின் தோளில் போர்த்தினான்.

இனி இறைச்சியையும் சேர்ந்து தின்றுவிட்டால் சமாதானம். அதற்குப் பிறகு போலீஸ் என்று வாயைத் திறந்தால் ஊர் அவளைத்தான் காறித் துப்பும்.

அவள் கணவன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருக்கிறான். பக்கத்தில் நின்று பேச ஆளில்லை. புகாரைத் திரும்பப் பெறும் தாள் என் பையில் இருந்தது. ஜானிஷின் வகுப்பாசிரியை நான்; கையெழுத்து வாங்கும் வேலையை ஹெட்மாஸ்டர் என் தலையில் கட்டியிருந்தார்.

வந்தவர்களில் மூத்தவன் என்று ஆட்டுத் தலையை ஷெர்காசி முன்னால் வைத்தார்கள். ஒரு காதை அறுத்து, வழக்கப்படி அந்த வீட்டுப் பிள்ளையிடம் நீட்டினான்.

"இந்தாடா, காது உனக்கு. பெரியவங்க சொல்றதைக் கேட்டு நடக்கணும், என்ன?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. வாசலோரம் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். வீடியோவில் கேட்ட அதே சிரிப்பு.

சீ, என்ன ஜென்மங்கள் என்று நினைத்தேன்.

ஜானிஷ் காதை வாங்கிக்கொண்டான். தின்னவில்லை. எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களைச் சுற்றி வந்து, அதை என் தட்டில் வைத்தான்.

"பாத்தீங்களா, டீச்சர் மேல எவ்ளோ மரியாதை!"

ஷெர்காசிக்கு அப்பாடா என்று இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சல்தனத்தும் ஒப்புக்குச் சிரித்தாள்.

ஜானிஷ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று பனியிலிருந்து முகத்தை நிமிர்த்தி மூன்று முறை "டீச்சர்" என்று கத்தினான். வீடியோவில் அது இல்லை. போனை அதற்குப் பிறகுதான் எடுத்தார்கள்.

நான் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். கையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரையை இழுத்து மூடினேன்.

கொடுத்த பங்கைத் தின்னாமல் வைக்கக் கூடாது. வாயில் போட்டேன். குருத்தெலும்பு நறுக் நறுக்கென்றது. அவன் என் வாயைப் பார்த்தான்.

ஷெர்காசி கண்ணைக் காட்டினான்.

மென்றுகொண்டே பையைத் திறந்து, தாளை எடுத்துச் சல்தனத்திடம் நீட்டினேன்.