கை பட்டது

நாடாப்புழுக்கள் எந்தக் கிளையிலிருந்து வந்தன என்று தேடும் ஆய்வுக்கூடம் அது. தாயிடமிருந்து மட்டுமே, அவள் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒன்றுபோல இறங்கி வரும் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் படித்தால் வழி தப்பாது. அன்று பொற்கொடி படித்த புழுவில் மனித மரபணு ஒன்றும் கலந்திருந்தது. யாருடைய கை பட்டது என்று கண்டுபிடிப்பதற்காகவே ஊழியர்கள் எல்லோருடைய மரபணுவும் கணினியில் உண்டு. ஒப்பிட்டபோது அவளுடையது ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் பொருந்தியது.

"க்ளவுஸ் போடாம தொட்டிருக்கம்மா," என்றார் தாமோதரன் சார். "நோட்டுல எழுதிட்டு மறுபடி பண்ணு."

அவளுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட வெறுங்கையால் எதையும் தொட்டவளில்லை. இரண்டு கையுறை மாட்டிக்கொண்டு மறுபடி செய்தாள், அதேதான் வந்தது. அடுத்த முறை அவள் வெளியே நிற்க, சக ஊழியர் செய்தார். அப்போதும் அதேதான்.

பிறகுதான் புழு வந்த சீசாவில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள். 'பிணவறை. பெண். வயது சுமார் நாற்பது. உரிமை கோர ஆளில்லை.'

பிணவறைக்குப் போன் செய்தாள்.

"அது எரிச்சு எட்டு மாசம் ஆச்சே," என்றார் எடுத்தவர். "நீங்க யாரு, சொந்தமா?"

பதினாறு வருடத்துக்கு முன் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போன, கூடப் பிறந்த வேணி அக்காவுக்கு இப்போது நாற்பத்தொன்று.

போனை வைத்துவிட்டு, நோட்டில் 'என் கை பட்டுவிட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு கையுறையைக் கழற்றி, சீசாவைத் திறந்து, அக்கா தின்ற சோற்றில் பங்கு தின்று வளர்ந்த அந்த வெள்ளை நாடாவை ஒரு விரலால் தொட்டாள்.