முதல் துண்டு

"ஏங்க, இதுவா கதவு? ஒரு போர்டுகூட இல்லையே!" என்றாள் மினேகோ மகினோ.

"எனக்கென்ன தெரியும்? நீ கூட்டிட்டு வந்த இடம்" என்றார் அவள் கணவர் ஷிகேரு.

கின்ஸா கடைத்தெருவின் அந்தக் கதவு அவருக்கா தெரியாது? லேசாகத் தூக்கித் தள்ளினால்தான் நகரும். இருந்தாலும் புதிதாக வந்தவர்போல வெறுமனே இழுத்தார். கதவு அசையவில்லை.

"நகருங்க. சாப்பிட வந்துட்டு இங்கயே நிக்கப் போறோமா?"

மினேகோ ஒரே தள்ளில் திறந்துவிட்டாள். தன் நடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று ஷிகேரு தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அவர் கவலை அவருக்கு. மாதம் ஒரு வியாழக்கிழமை, "ஆபீஸ்ல கணக்கு மீட்டிங்" என்று வீட்டில் சொல்லிவிட்டு அவர் தனியாக வந்து வெளுத்துக்கட்டும் சுஷிக் கடை இதுதான். வீட்டிலோ, "மீன்னா எல்லாம் மீன்தான். எங்க தின்னா என்ன?" என்று உபதேசம். கல்யாண நாள் வந்தால் பெல்ட்டில் சுஷித் தட்டுகள் சுற்றிவரும் மலிவுக் கடைக்குத்தான் மனைவியை அழைத்துப் போவார். இந்த வருஷம் அவளே முந்திக்கொண்டாள். "ஃப்ரெண்டு ஒருத்தியால வர முடியலையாம். அந்த ரெண்டு இடத்தை நமக்குக் குடுத்துட்டா" என்று, இன்றைய செவ்வாய்க்கிழமைப் பாட்டு வகுப்பைக்கூட விட்டுவிட்டு அவரை இழுத்து வந்துவிட்டாள்.

உண்மை தெரிந்தால், இத்தனை வருஷம் சுற்றிய தட்டுகள் எல்லாம் அவர் தலையில்தான் வந்து விழும்.

உள்ளே எட்டே நாற்காலிகள். எதிரே கத்தியோடு மாஸ்டர். ஷிகேரு புருவத்தாலேயே அவரிடம் கெஞ்சினார். மாஸ்டர் கணவனையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முகத்தில் ஒன்றையும் காட்டாமல், "வாங்க, வாங்க. முதல் தடவைங்களா?" என்றார்.

"ஆமா! முதல் தடவை! சத்தியமா!"

"எதுக்குக் கத்தறீங்க?" என்று மினேகோ அவர் தொடையில் கிள்ளினாள். அவள் இடக்கைக்காரி. முழங்கை இடிக்காமலிருக்க எப்போதும் அவருக்கு இடப்பக்கம்தான் உட்காருவாள்.

மூலையில் இருந்த பெரியவர் ஒருவர் திடீரென்று முகம் மலர்ந்து மரியாதையாக அழைத்தார். "அடடே, மகினோ சான்! என்ன இன்னிக்கு..."

மாஸ்டர் பாய்ந்து போய் ஒரு பெரிய ஆக்டோபஸ் துண்டை அவர் கையில் திணித்தார். "உடனே வாயில போடுங்க டாக்டர். மெல்லும்போது பேசக் கூடாது."

இந்தக் கடையில் மாஸ்டர் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. டாக்டர் மெல்லத் தொடங்கினார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றாள் மினேகோ.

"சேச்சே! வேற யாரோ மகினோவா இருக்கும்."

"இருக்கும், இருக்கும். ஊர்ல மகினோவுக்கா பஞ்சம்!"

செவ்வாய்க்கிழமை வருகிற இந்த ஆளுக்குத் தன்னை எப்படித் தெரியும் என்று ஷிகேரு குழம்பினார். என்றைக்காவது வியாழக்கிழமை வந்திருப்பாரோ?

மினேகோவின் கைகள் இன்னும் சூடான ஈரத் துணிக்குள்தான் இருந்தன. அதற்குள் முதல் துண்டு வந்துவிட்டது. கணவாய். அவள் தட்டில் ஒன்று, அவர் தட்டில் ஒன்று. இரண்டும் புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும்போல ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருந்தன. கல்யாண நாள் என்று மனுஷன் எப்படிக் கண்டுபிடித்தார்! ஷிகேரு உருகிப்போனார்.

"சோயா சாஸ் எங்கங்க?" என்று வேண்டுமென்றே கேட்டார்.

"தடவித்தாங்க வெச்சிருக்கேன்" என்றார் மாஸ்டர்.

"இது என்ன மீனுங்க?" என்றாள் மினேகோ.

"கணவாய்ங்க."

"ஓ, கணவாயா!" என்று அவள் வியந்தாள். பிறந்ததிலிருந்து கணவாயையே பார்க்காதவள்போல் இருந்தது அந்த வியப்பு.

மாஸ்டரின் நெற்றியில் வேர்வை அரும்பியது. பாவம், எனக்காக எவ்வளவு பாடுபடுகிறார் என்று ஷிகேரு மனத்துக்குள் கைகூப்பினார். ஒவ்வொரு முறை டாக்டர் விழுங்கி முடித்து வாயைத் திறக்கும்போதும் இன்னோர் ஆக்டோபஸ் துண்டு வந்து விழுந்தது.

"மாஸ்டர், தாடை வலிக்குது..."

"பல் டாக்டருக்கே வலிச்சா எப்படிங்க? மெல்லுங்க."

ஒருவழியாகக் கடைசி அயிட்டமான முட்டை வந்தது.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் மினேகோ. "ஆனா நமக்கு அந்தச் சுத்தற தட்டே போதும். இங்க இன்னொரு தடவை வர வேணாம்."

"அதைத்தான் நானும் காலங்காலமா சொல்லிட்டு வரேன்!"

ஷிகேரு நிம்மதியாக முட்டையை வாயில் போட்டுக்கொண்டார். தப்பித்தாயிற்று.

அப்போது கடைசி நாற்காலியில் இருந்த ஓர் இளைஞன் கேட்டான்: "மாஸ்டர், எனக்கு ரெண்டாவது துண்டுலேர்ந்து எல்லாத்தையும் எதிர்ப்பக்கமா சாய்ச்சு வெச்சீங்களே, ஏன்?"

"நீங்க இடது கையில சாப்பிடறவராச்சே, தம்பி. எடுக்க வசதியா இருக்கட்டும்னுதான்."

"அப்ப முதல் துண்டு?"

"முதல் தடவை வர்றவங்க எந்தக் கையில எடுப்பாங்கன்னு நான் என்ன ஜோசியமா பார்க்கறது? புதுசா வர்ற யாருக்கும் முதல் துண்டு வலது கைக்குத் தோதாத்தான். அவங்க கையைப் பார்த்த பிறகுதான்..."

மாஸ்டர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்திருந்த அந்த இரண்டு கணவாய்த் துண்டுகளும் ஷிகேருவின் கண்முன் வந்து நின்றன. இரண்டும் வலது கைக்கென்றால் ஒரே பக்கமாக அல்லவா சாய்ந்திருக்க வேண்டும்? வாயிலிருந்த முட்டையை விழுங்க மறந்து, அவர் மெல்ல இடப்பக்கம் திரும்பினார்.

மினேகோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூலையில் பல் டாக்டர், யாரும் சொல்லாமலே, மிச்சமிருந்த ஆக்டோபஸைத் தானாக எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.