தானாக விழும் பூட்டு

பட்டறைக் கூரையிலிருக்கும் கண்ணாடித் தகடு வழியாகப் பிற்பகல் வெளிச்சம் கார்மேல் தண்ணீர்போல் இறங்கிக்கொண்டிருக்கிறது. மெக்கானிக் அக்கா முன்கதவை மெல்ல ஆட்டுகிறார். யாரும் எதையும் அழுத்தவில்லை. ஆனாலும் நான்கு கதவுகளின் பூட்டுக் குமிழ்களும் டக்கென்று அமிழ்கின்றன, டக்கென்று எழுகின்றன, தூக்கத்தில் துடிக்கும் இமைகளைப் போல. காரைக் கொண்டுவந்த அப்பா அந்தக் குமிழ்களையே பார்க்கிறார். போன வாரம் இப்படித்தான் கார் தானாகப் பூட்டிக்கொண்டது, சாவியையும் மகளையும் உள்ளே வைத்துக்கொண்டு. அவள் குமிழைத் தூக்கத் தூக்க அது மறுபடி விழுந்தது; கால் மணி நேரம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் அழுகிற வாய் மட்டும்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அவள் காரில் ஏறுவதில்லை. இப்போதும் பத்தடி தள்ளி, பட்டறை வாசலிலேயே நிற்கிறாள்.

"கண்டுபிடிச்சாச்சு சார்." அக்கா கதவிடுக்கிலிருக்கும் ரப்பர் குழாயை விலக்கிக் காட்டுகிறார். உள்ளே இரண்டு வயர்கள் தோலுரிந்து ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கின்றன. "தொறந்து மூடி, தொறந்து மூடி தேஞ்சிருக்கு." வெட்டிவிட்டுப் புது வயர் சேர்க்கிறார், ஈயம் உருகி, நூலளவு புகை மேலே போய் வெளிச்சத்தில் கரைகிறது. மறுபடி கதவை ஆட்டுகிறார். குமிழ்கள் அசையவே இல்லை. "வாடா கண்ணு, சரியாயிடுச்சு," என்கிறார் அப்பா. மகள் அவரை நம்பாமல் அக்காவிடம் கேட்கிறாள்: "நெஜமாவா?" "நீயே பாத்துக்கோ." அவள் மெதுவாக வந்து பின் இருக்கையில் ஏறுகிறாள், கதவைச் சாத்துகிறாள், உள்ளிருந்து குமிழை அழுத்துகிறாள். டக். அப்பாவின் கை தன்னையறியாமல் கதவை நோக்கி நீள்கிறது. "சும்மா இருங்க சார்," என்கிறார் அக்கா. மகள் உள்ளே வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு குமிழைத் தூக்கிக் கதவைத் திறந்து, "ஏறுங்கப்பா, போலாம்," என்கிறாள்.