பாதி மலையில் நின்ற பேருந்து

வளைவைத் திருப்பி முடிக்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

வருகிறது.

முதலில் உள்ளங்கை வேர்த்தது. ஸ்டீயரிங் வழுக்கியது. பிறகு கழுத்தடியில் சூடு. நியூட்ரலில் மிதித்த எஞ்சினைப்போல நெஞ்சு தனியாக உறுமியது.

ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் ஒன்றுமில்லை.

அவனுக்குப் பின்னால் பேருந்து நிறைய ஆட்கள். மலைச் சந்தை முடிந்து ஊருக்கு இறங்குகிறவர்கள். பலாப்பழ வாசனை. யாரோ சிரித்தார்கள்.

பிரேக்கை மிதித்தான். பிடித்தது. இன்னொரு முறை மிதித்தான். பிடித்தது.

கால் மட்டும் நம்பவில்லை.

செத்துப்போகப் போகிறேன். இத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு.

டாக்டர் சொல்லியிருந்தார். இதயத்துக்கு ஒன்றுமில்லை. இது பதற்றம். உச்சிக்குப் போய்த் தானாக இறங்கிவிடும். ஓட்டும்போது வந்தால் ஓரங்கட்டிவிடுங்கள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கேட்டபோது அதெல்லாம் நம்பும்படியாகத்தான் இருந்தது.

கீழே, லாரிகள் எஞ்சின் ஆற நிற்கும் அகலமான இடம் ஒன்று உண்டு.

அதுவரைக்கும் மட்டும்.

வாயைக் குவித்து மெல்ல ஊதினான், கொதிக்கும் டீயை ஊதுவதுபோல. கியரைக் குறைத்தான். மறுபடி ஊதினான்.

பாறை நகர்ந்தது. வானம் நகர்ந்தது. இடம் வந்தது.

நிறுத்தினான். கைப்பிரேக்கை இழுத்தான். எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்தான். கல்லெடுத்துச் சக்கரத்துக்கு முட்டு வைத்தான்.

அதற்குமேல் கால் நிற்கவில்லை.

பின்சக்கரத்தருகே குந்தினான். டயரைப் பார்ப்பதுபோல. விரல்கள் மரத்திருந்தன. எல்லாச் சத்தமும் எட்டத்தில் கேட்டது.

கண்டக்டர் நல்லுசாமி இறங்கி வந்தான். டயரைப் பார்த்தான். பிறகு அவன் முகத்தைப் பார்த்தான்.

ஜன்னல்களில் தலைகள் நீண்டன.

"என்னங்க ஆச்சு?"

"எனக்குத்தாங்க தலை சுத்துது," என்றான் நல்லுசாமி உரக்க. "செத்த நேரம் நின்னுட்டுப் போயிரலாம்."

சொல்லிவிட்டுத் தலையைப் பிடித்தபடி அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

ஜன்னலிலிருந்து ஒரு அம்மா எலுமிச்சம்பழம் ஒன்றைப் போட்டாள். நல்லுசாமி அதை ஒருமுறை மோந்து காட்டிவிட்டு, மறைவாக அவன் கையில் வைத்தான்.

அவன் பழத்தோலில் நகத்தை அழுத்தினான். வாசனை வந்தது.

அழுத்தினான். ஊதினான்.

பதற்றம் ஏறிக்கொண்டே போனது. இனி ஏற இடமில்லை என்கிற வரைக்கும் ஏறியது. பிறகு எப்போது இறங்கத் தொடங்கியது என்று தெரியவில்லை. புதரில் ஏதோ ஒரு குருவி வெகுநேரமாகக் கத்திக்கொண்டிருந்தது இப்போதுதான் காதில் விழுந்தது.

"எத்தனை நாளா மாப்ள?" நல்லுசாமி தாழ்ந்த குரலில் கேட்டான்.

"மாசியில இருந்து."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"டெப்போவுக்குத் தெரிஞ்சா எங்கிட்ட இருந்து வண்டிய வாங்கிருவாங்க."

"தெரியாது. எனக்குத்தான் தலை சுத்துச்சு. ஏறு."

ஏறினான்.

"இப்பத் தேவலையா சாமி?" என்று எலுமிச்சம்பழம் போட்ட அம்மா கண்டக்டரைக் கேட்டாள். நல்லுசாமி தலையாட்டினான்.

அவன் சாவியைத் தொட்டான். தலைக்குமேல் இருந்த கண்ணாடியில் முகங்கள். சிலர் தூங்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருவன் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்திருந்தான்.

சாவியிலிருந்து கையை எடுத்தான்.

எழுந்து திரும்பினான்.

"கண்டக்டருக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்குத்தான். படபடப்பு. நெஞ்ச அடைக்கற மாதிரி வரும், போயிரும். இப்பப் போயிருச்சு. இன்னுஞ் செத்த நேரம் இருந்து பாத்துட்டுத்தான் எடுப்பேன். பயமா இருக்கறவங்க இறங்கிக்கலாம். பின்னாடியே இன்னொரு வண்டி வருது. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

நல்லுசாமி கண்களை மூடிக்கொண்டான்.



ஒருவர் எழுந்தார். பலாப்பழத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனார். அவருக்குப் பின்னால் இன்னொருவர்.

அவன் அப்படியே நின்றான்.

பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் கைக்குழந்தையோடு முன்னால் வந்தாள். இரண்டு பைகளோடு அவள் கணவன். "இறங்கு, இறங்கு," என்று அவன் அவள் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தான்.

ஓட்டுநர் வழிவிட்டு ஒதுங்கினான்.

அவள் படியில் கால் வைக்கவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் காலியாகியிருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டாள்.

"எனக்கும் இப்படி வருங்கண்ணா," என்றாள். "இவ பொறந்ததுல இருந்து."

ஓட்டுநரிடம்தான் சொன்னாள். பார்வை ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

கணவன் படியருகே நின்றான். பைகளைக் கீழே வைக்கத் தோன்றவில்லை அவனுக்கு. மனைவியின் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"உள்ள வாங்க," என்றான் நல்லுசாமி மெதுவாக. "இல்ல, இறங்கறதுன்னா இறங்கிக்கங்க."

கணவன் உள்ளே வந்தான்.

நெஞ்சு முழுக்க அடங்கும்வரை ஓட்டுநர் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருந்தான். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு நல்லுசாமி சக்கரத்துக் கல்லை எடுத்துவிட்டு வந்து விசில் கொடுத்தான்.

பேருந்து நகர்ந்தது.

இரண்டு வளைவு தாண்டிக் கண்ணாடியைப் பார்த்தான். குழந்தை கணவனின் மடியில் இருந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். கணவன் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தான். எஞ்சின் சத்தத்தில் ஓட்டுநருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மலை இன்னும் பாதி இருந்தது.

மெதுவாகவே இறக்கினான்.