குடித்தனக்காரரின் அட்வான்ஸ்

"நாளைக்கு, நாளைக்குன்னு நீங்க சொல்றதைக் கேட்டுக் காதே புளிச்சுப்போச்சும்மா! புது வீட்டுக்காரர் அட்வான்ஸ் கேட்டு நெருக்கறாரு."

திருத்துறைப்பூண்டி வீட்டைக் காலி பண்ணிச் சாவியைக் கொடுத்த அரசப்பன், தன் அட்வான்ஸைக் கேட்டு மறுபடியும் வந்திருந்தார். வீட்டுக்கார அம்மாள் மங்களாம்பிகை மோரை நீட்டினாள்.

"வச்சுக்கிட்டா இல்லேங்கறேன்? எங்க குத்தகைக்காரர் மருதையன் நெல்லு வித்துக் கொடுத்தாத்தான் எனக்குக் காசு."

"மிரட்டிக் கேளுங்க."

"அதெல்லாம் எங்க மாமனார் காலத்தோட போச்சு. இப்பச் சட்டமே அவங்க பக்கம்."

"ஒருத்தர் மெத்தனத்துக்கு இன்னொருத்தர் ஏன் அலையணும்? அவரை வரச் சொல்லுங்க. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நான் கேக்கறேன்."

"அதோ, அவரே வர்றாரு."

உள்ளே வந்த மருதையன் அரசப்பனைப் பார்த்ததும் கும்பிட்டார்.

"சார், நீங்களே இருக்கீங்களா? நல்லதாப் போச்சு. கொள்முதல் நிலையத்துல என் நெல்லு குவிஞ்சு கெடக்கு. ஈரம், ஈரம்னு தள்ளிக்கிட்டே வர்றீங்க. மழை வந்தா எல்லாம் போச்சு சார். எப்ப எடை போடுவீங்க?"

அரசப்பன் அங்கே எழுத்தர் என்பது மங்களாம்பிகைக்குத் தெரியும். மருதையனின் நெல் அவரிடம்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது.

அரசப்பன் மோரைக் கீழே வைத்தார். பழக்கதோஷம், வாய் தானாகவே திறந்துகொண்டது.

"நாளைக்கு வாங்க, பாக்கலாம்."

மங்களாம்பிகை சிரிக்காமல் சொன்னாள்.

"அப்ப நீங்க நாளன்னிக்கு வாங்க சார்."