ஸ்ரேசனுக்கு இரண்டு பாதை

"இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், நெளுக்குளத்திலிருந்து வவுனியா ரெயில்வே ஸ்ரேசன் வரை ஒரு வாகனப் பயணம் நடைபெறவிருக்கிறது. திகதியும் நேரமும் பின்னர் அறிவிக்கப்படும்."

செல்வராசா சொன்ன சகலர், முற்றத்தில் இருந்த இரண்டு பேர். ஒருவர் அவருடைய மனைவி இராசேஸ்வரி. மற்றவன் பக்கத்து வீட்டுச் சிவகரன், அந்த வாகனத்தின் சொந்தக்காரன். செல்வராசா ஒரு காலத்தில் கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாக இருந்தவர். வீட்டில் உப்பு முடிந்தாலும் இப்படித்தான் அறிவிப்பார்.

"அண்ணை, அஞ்சாறு கிலோமீற்றர் ஓட்டம்" என்றான் சிவகரன். "வெளிக்கிட்டால் இந்தத் தேத்தண்ணி ஆற முந்திப் போயிடலாம்."

"அப்பிடிப் போகக்கூடாது எண்டுதான் தம்பி இந்தக் கூட்டம்."

விசயம் பெரியதுதான். மகன் அஜந்தன் வருகிறான். மீசை சரியாக முளைக்காத வயதில் சுவிஸுக்குப் போனவன். இப்போது முன்தலை வழுக்கையாகிவிட்டதைப் போன் திரையில்தான் அவர்கள் பார்த்தார்கள். அவன் போனபின் இந்த வீட்டுக்குப் புது ஓடு வந்தது, குழாய்த் தண்ணீர் வந்தது, மருமகன் வந்தான், பேரப்பிள்ளைகள் வந்தார்கள். அவன் மட்டும் வரவில்லை.

முந்தநாள் இராசேஸ்வரி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவன் போன் எடுத்தான். அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுமுன்பே செல்வராசா வாசல் படலையடியில் நின்று சொல்லிவிட்டார், மோன் வாறான் என்று. அன்றிலிருந்து அவள் தலையணைகளை ஒவ்வொன்றாக வெயிலில் போட்டு எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"பாதை ரெண்டு இருக்கு" என்று செல்வராசா தொடங்கினார். "குருமன்காட்டால திரும்பி ஸ்ரேசன் ரோட்டால போறது ஒண்டு. அது கிட்ட. மற்றது, ரவுணுக்குள்ள, கடைவீதியால போய், மணிக்கூட்டுக் கோபுரத்தடியால வாறது."

"ஸ்ரேசனுக்குப் போறவன் ஏன் ரவுணைச் சுத்துவான்?"

"போகேக்க கிட்டப் பாதை. மோனை ஏத்திக்கொண்டு திரும்பேக்க ரவுண். கண்ணாடியை இறக்கிவிட்டு, ரெண்டாம் கியரில."

"ரெண்டாம் கியரிலயோ? பின்னால வாற பஸ்காரன் என்ர பரம்பரையை இழுத்துப் பேசுவான் அண்ணை."

"பேசட்டும். ஆர் வந்திருக்கிறதெண்டு அவனும் ஒருக்காப் பாக்கட்டும்."

அடுத்ததாக ஆசன ஒழுங்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. முன்சீற் மகனுக்கு, பின்சீற் பெற்றோருக்கு என்று செல்வராசா தீர்மானித்தார்.

"அவன் முன்னால இருந்தால் நான் அவன்ர பிடரியையே பாத்துக்கொண்டு வாறது?" என்றாள் இராசேஸ்வரி. "அவனை என்னோட பின்னால விடுங்கோ. நீங்கள் முன்னுக்கு இருந்து ரவுணுக்குக் கை காட்டிக்கொண்டு வாங்கோ."

சிவகரன் சிரிப்பைத் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினான். அந்த யோசனை செல்வராசாவுக்கு உண்மையிலேயே பிடித்துவிட்டது.

அவர் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடினார். ஸ்ரேசனடியிலிருந்து வாகனம் புறப்பட்டது. மழை பெய்து ஓய்ந்த பின்னேரம். மன்னார் வீதி கழுவிவிட்டதுபோல் கிடக்கிறது. பின்சீற்றில் மகன் ஒரு கையை வெளியே விட்டிருக்கிறான். சட்டைக் கைக்குள் காற்றுப் புகுந்து புடைக்கிறது. வயலில் கொக்குகள் எழும்பாமல் நிற்கின்றன. நெளுக்குளம் வருகிறது, ஆனால் வாகனம் நிற்கவில்லை. வீட்டைக் கடந்து, வயல்களின் பச்சையைக் கடந்து, வீதி ஈரப் புடவை மாதிரி நீண்டுகொண்டே போகிறது. அஞ்சாறு கிலோமீற்றர் முடியவே மாட்டேன் என்கிறது. அவன் நித்திரையாகித் தாயின் தோளில் சாய்ந்துவிட்டான். மெதுவாய், மெதுவாய், ரெண்டாம் கியரில்...

"அண்ணை."

செல்வராசா கண்ணைத் திறந்தார்.

"நான் வாகனத்தை வாடகைக்கு ஓடுறவன். எந்த நாள், எந்த ரெயின் எண்டு சொன்னால் வேற ஓட்டம் எடுக்காமல் நிப்பன்."

"அது அவன் இன்னும் சொல்லேல்லை."

"நான் எடுத்துக் கேக்கிறன் எண்டாலும் இவர் விடுறாரில்லை" என்றாள் இராசேஸ்வரி.

"வாறவனை எப்ப வாறாய் எண்டு கேக்கிறது தடங்கல். பிறகு வாறதும் நிண்டுபோம்."

"நீங்கள் இதை எந்தப் பஞ்சாங்கத்தில பாத்தனியளோ தெரியாது. சரி, அவன் என்ன கதைச்சவன்? அதை அவன் சொன்ன மாதிரியே ஒருக்காச் சொல்லுங்கோ. என்ர காதால கேக்கேல்லையே நான்."

செல்வராசா நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். இதைச் சொல்வதற்கு யாரும் கேட்க மாட்டார்களா என்று அவர் இரண்டு நாளாகக் காத்திருந்தார்.

"முதல் உன்னைத்தான் கேட்டவன். கோயிலுக்குப் போட்டா எண்டன். மழை பெய்யுதோ எண்டான். பெய்யுது எண்டன். பிறகு, 'அப்பா, வேலைக்கு வெளிக்கிட நேரமாகுது' எண்டான். நான் சரி மோன் எண்டன். அப்பதான் தன்ர வாயாலயே சொன்னவன். 'சரி அப்பா, அப்ப நான் வாறன்' எண்டு."

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இராசேஸ்வரி குனிந்து தேத்தண்ணிக் கோப்பைகளைப் பொறுக்கினாள். சிவகரன் எழுந்து சாரத்தைச் சரிசெய்தான்.

"சரி அண்ணை, அப்ப நான் வாறன்" என்று சொல்லிவிட்டு, அவன் போய்விட்டான்.