பெயர் பொறித்த கடல்

மெருகேற்றிய சுண்ணாம்புக்கல் ஒன்று இயக்குநரின் மேசையில் பளபளத்தது. நினைவுப் பரிசு; அதில் நாளைய விழாவின் சிறப்பு விருந்தினரின் பெயர், தங்க எழுத்தில். ஆராய்ச்சியாளர் ஜெயசீலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பத்திரப்படுத்தி வைத்திருந்த கடைசித் துண்டு அது. அது கிடைத்த சுரங்கத்தின் மற்ற பாறையெல்லாம் எப்போதோ சிமென்ட்டாகிவிட்டது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்நீர் எப்படி இருந்தது என்பதை இனி அந்தக் கல்லுக்குள் சிக்கிய கந்தகம் மட்டுமே சொல்லும்.

“யாரைக் கேட்டு சார் அறுத்தீங்க?”

“அலமாரியில சும்மா கிடந்த கல்லுதானேம்மா!”

“சும்மாவா? ஒரு கடலே கிடந்துச்சு சார் அங்க.”

கல்லைத் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு நடந்தாள். அவர் கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தார். உள்ளிருக்கும் கந்தகத்தை எடுக்குமுன், கல்லின் மேல் பிற்பாடு ஒட்டிய அழுக்கை அமிலத்தால் போக்கிவிட வேண்டும், அதுதான் முறை. ஜெயசீலி கையுறையை மாட்டிக்கொண்டு, தங்க எழுத்துகளின் மேல் அமிலக் குடுவையைச் சாய்த்தாள்.